தலையைக் குனிந்து பாருங்கள்

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா முடிந்து இரண்டு நாளானாலும் எங்கள் தெருவில் மாம்பழ வாசம் போகாது. அந்த வாசத்தோடு இந்த வருஷம் என் திண்ணைக்கு ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். எல்லாரும் காலேஜில் படிக்கிறவர்கள். “பாட்டி, பழைய ராஜாக்கள் ஊருக்கெல்லாம் போகப்போறோம். எப்படிப் போகணும், என்ன பார்க்கணும், சொல்லுங்க” என்று கேட்டார்கள். கையில் ஒரு பட்டியல். தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், ஹம்பி. எல்லாம் நான்கே நாளில்.

நான் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டெல்டாவில் ஊர் ஊராக மாற்றலாகிப் போனவள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பக்கத்தில் எந்தப் பழைய ஊர் இருக்கிறதோ அங்கே பஸ் ஏறிவிடுவேன். படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம், தப்புச் செய்து தெரிந்துகொண்டது நிறைய. அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காரைக்கால் அம்மையார் கயிலாயத்தைக் காலால் மிதிக்க மனம் ஒப்பாமல் தலையாலேயே நடந்து ஏறினார் என்று சேக்கிழார் சொல்கிறார். தலை தரையில் பட நடந்தவருக்கு வழி நெடுக என்னென்ன தெரிந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. கோபுரம் தெரிந்திருக்காது. கல், மண், செங்கல் துண்டு, எறும்பு, இதெல்லாம் தெரிந்திருக்கும். நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. வீட்டு வாசலிலிருந்து தொடங்குங்கள்.

ஹம்பி எங்கும் ஓடிவிடாது. முதல் மாதம் காரைக்காலிலிருந்து காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பக்கூடிய இடங்களுக்கு மட்டும் போங்கள். வடக்கே தரங்கம்பாடி. அங்கே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பக்கத்திலேயே டேனிஷ்காரர்களின் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் அனுமதி வாங்கிக் கட்டினார்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் ஊரையே விற்றுவிட்டுப் போனார்கள். பாண்டியன், நாயக்கர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் ஒரே கடற்கரையில். பத்து நிமிஷம் நடந்தால் ஐந்நூறு வருஷம் கடந்துவிடும்.

தெற்கே நாகப்பட்டினம். முதலாம் ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் அங்கே சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டுவித்தான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செய்தி இருபத்தொரு செப்பேடுகளில் இருக்கிறது. அவை ஹாலந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயராகிவிட்டது. பழைய பௌத்தக் கட்டடங்களில் மிச்சமாக நின்ற ஒரு கோபுரத்தையும் 1867-ல் இடித்தார்கள். இன்று நாகையில் போய் நின்றால் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் போங்கள். இல்லாத ஒன்றின் எதிரே கால்மணி நேரம் நிற்கப் பழகியவர்தான் பாழடைந்த தலைநகரத்துக்குப் போகத் தகுதியானவர்.

2. ஒரு நாளைக்கு ஓர் ஊர்.

திருநள்ளாற்றில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒன்பது கிரகத்தையும் ஒரே நாளில் முடிக்க வேன் வரும். நளதீர்த்தத்தில் ஒரு முழுக்கு, சன்னிதியில் ஒரு கும்பிடு, வேன் கிளம்பிவிடும். அவர்கள் வேண்டுதலுக்கு வருகிறார்கள், அது அவர்கள் கணக்கு. பார்க்கப் போகிற உங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஒரே கோயிலுக்குக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போங்கள். காலை வெயிலில் மொழுக்கென்று தெரிந்த சிற்பம், சாயங்காலச் சாய்வெயிலில் மூக்கும் முழியுமாக எழுந்து நிற்கும். நடுப்பகலில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். அந்த நான்கு மணி நேரத்தை வீணென்று நினைக்காதீர்கள். ஊரைச் சுற்ற அதுதான் நேரம்.

3. கோபுரத்தைக் கடைசியில் பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். நீங்கள் குனியுங்கள். தாராசுரத்தில் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில், சாண் உயரச் சிற்பங்களாக நாயன்மார் அறுபத்துமூவர் கதையும் ஓடுகிறது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார், அவன் மகன் இரண்டாம் ராஜராஜன் அதைக் கல்லில் வைத்தான். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நின்றுகொண்டு போனால் ஏதோ பூவேலை என்று கடந்துவிடுவீர்கள். என் முதல் இரண்டு பயணத்தில் நான் அப்படித்தான் கடந்துபோனேன்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, 1010-ல் முடிந்தது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதே கோயிலின் சுற்றுச்சுவரில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஆடல் பாடலுக்காக சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் இருக்கிறாள் என்று முதலாம் ராஜராஜன் வரிசையாக எழுதியிருக்கிறான். சிறகு என்றால் வீட்டு வரிசை. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். அதைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாள்தோறும் விலாசம் பிரித்தவள் நான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் பீட் புத்தகத்தையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான்! இப்போது போனாலும் ஒரு கடிதம் கொடுத்தால் சரியான வீட்டில் சேர்த்துவிடுவேன் என்று தோன்றியது. வீடுகள்தான் இல்லை.

4. நான்கு எழுத்து கற்றுக்கொள்ளுங்கள்.

கல்வெட்டு படிக்கப் பண்டிதராக வேண்டியதில்லை. ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று கிரந்த எழுத்தில் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள், அதுதான் தலைப்பு. பிறகு ‘யாண்டு’ என்ற சொல்லைத் தேடுங்கள். அதை ஒட்டி வரும் எண், அரசன் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருஷம் என்பதைச் சொல்லும். புள்ளி பெரும்பாலும் இருக்காது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஒரு மாதம் பழகினால் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் அளவும் பிடிபட்டுவிடும்.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சாக்கட்டியால் தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள், போதும். ஒரு ஊரில் நான் வருஷக்கணக்காகப் போய் எழுத்துக்கூட்டிப் பழகிய சுவர் ஒன்று இருந்தது. கும்பாபிஷேகத்துக்காகச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்தார்கள். அடுத்த முறை போனபோது கல் பளபளவென்று இருந்தது, எழுத்து மழுங்கிப் போயிருந்தது. என் நோட்டில் பென்சிலால் எழுதிவைத்த பதினொரு வரிதான் எனக்கு மிச்சம். அதனால்தான் சொல்கிறேன், பார்த்ததை அன்றைக்கே எழுதிவையுங்கள்.

5. கோயில் நிற்கிறது, ஊர் எங்கே என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் திரும்பினால் நீங்கள் கோயிலுக்குப் போய்வந்தீர்கள், அவ்வளவுதான். தலைநகரத்தைப் பார்க்கவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் ராஜேந்திரன் தன் படை கங்கை வரை போய் வந்த வெற்றிக்குப் பிறகு அமைத்த நகரம். ஏறத்தாழ 250 வருஷம் சோழர்களின் தலைநகரம். கடாரம் வரை கப்பல் அனுப்பிய ராஜ்யத்தை அங்கிருந்துதான் ஆண்டார்கள். இன்று ரோட்டோரத்தில் பெரிய கோயில் ஒன்று, சுற்றிலும் வயலும் முந்திரியும் சின்னச் சின்ன ஊர்களும். அரண்மனை எங்கே?

கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போனால் மாளிகைமேடு. தொல்லியல் துறை 1980 முதல் அங்கே தோண்டிப் பார்த்திருக்கிறது. குழிக்குள் எட்டிப் பார்த்தால் செங்கல் அடித்தளம் தெரியும். சாமிக்குக் கருங்கல், ராஜாவுக்குச் செங்கல்லும் மரமும் ஓடும். அந்தக் காலத்து வழக்கம் அது. மரம் மட்கும், எரியும். செங்கல் கைக்கு அடக்கமானது. ஆட்சி போனபிறகு ஊர்க்காரர் வீட்டுச் சுவருக்கும் கிணற்றுக்கும் எடுத்துக்கொண்டார்கள். தலைநகரம் அழிந்தது என்று சொல்கிறோமே, அதில் பாதி இப்படி வண்டி வண்டியாக வேறு ஊருக்குக் குடிபோனதுதான்.

கல்லும் தப்பவில்லை. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் சுற்றுச்சுவர்க் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பாண்டியன் படையெடுத்து அழித்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அணைக்கரைப் பாலத்தின்மேல் பஸ் போகும்போது கீழே ஓடும் தண்ணீரைப் பாருங்கள். சோழன் கோயில் கல் அங்கே வேறு உத்தியோகம் பார்க்கிறது.

6. பெயர்களைக் கேளுங்கள்.

சுவர் இடிந்தாலும் பெயர் அவ்வளவு சீக்கிரம் இடியாது. கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயரைச் சொல்கிறேன், கேளுங்கள்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. கோட்டையின் உட்புறம், ஆயுதசாலை, மெய்க்காவலர் குடியிருப்பு, சுண்ணாம்பு அரைத்த குழி. நகரத்தின் வரைபடமே பஸ் போர்டில் எழுதியிருக்கிறது. கும்பகோணம் பக்கம் பழையாறைக்குப் போங்கள். அது சோழர்களின் இன்னொரு அரண்மனை நகரம். இப்போது வயலும் வாழையும்தான். ஆனால் அங்கே சோழன்மாளிகை என்று ஓர் ஊர். ஆரியப்படை, பம்பைப்படை, மணப்படை, புதுப்படை என்று படைவீடுகளின் பெயரில் நான்கு ஊர்கள்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். புது ஊரில் இறங்கியதும் கிராமத்துத் தபால்காரரைத் தேடுங்கள். எந்தத் திடலுக்கு என்ன பெயர், எந்தக் கொல்லையில் உழும்போது பானை வருகிறது, எந்த வீட்டுப் பாட்டி நிறையப் பேசுவாள், எல்லாம் அவருக்குத் தெரியும். மேடு, திடல், களம், குழி என்று முடிகிற பெயர் எதுவானாலும் நின்று விசாரியுங்கள்.

7. ஒருவரைப் பின்தொடருங்கள்.

எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று போனால் ஒன்றும் மனசில் நிற்காது. ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்துக்கொண்டது எங்கள் அம்மையை. கங்கைகொண்ட சோழபுரத்தில் தென்சுவர் மாடத்தில் ஆடவல்லான் ஆடுகிறான். காலடியில் பாருங்கள், எலும்பும் தோலுமாக அம்மை உட்கார்ந்திருக்கிறார். உலகத்தை வென்ற ராஜாவின் கோயிலில் ஒரு காரைக்கால் வியாபாரி வீட்டுப் பெண்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. தாராசுரத்தில் நாயன்மார் வரிசையில் இருக்கிறார். சோழர்கள் ஆண்ட இலங்கைப் பொலன்னறுவையில் கையில் தாளத்தோடு செப்புத் திருமேனியாகக் கிடைத்திருக்கிறார். கம்போடியாவில் பந்தேய் ஸ்ரீ கோயிலில், 967-ல் குடமுழுக்கான அந்தச் சிவப்புக் கல் கோயிலில், ஆடும் சிவனின் பக்கத்தில் இருப்பவரும் அவரே என்கிறார்கள். எங்கே போனாலும் ஓரத்தில்தான், கீழேதான். அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் அவர் படவே மாட்டார்.

உங்களுக்கு அம்மைதான் வேண்டும் என்பதில்லை. மத்தளம், விளக்கு, மீன், கொண்டை, செருப்பு, எது பிடிக்குமோ அதைத் தேடுங்கள். தேட ஒன்று இருந்தால் கண் தானாகத் திறக்கும்.

8. கதையை நம்பி ஏமாறாதீர்கள், கதை சொல்பவரோடு சண்டையும் போடாதீர்கள்.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒருவர் சொல்வார். அவர் மனம் நோகாமல் தலையாட்டிவிட்டு, சாயங்காலம் அந்த நிழலிலேயே போய் உட்காருங்கள், சுகமாக இருக்கும். உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல் என்பார்கள். பல துண்டுகளைப் பொருத்திய வேலை அது. அதனால் பெருமை குறையவில்லை, இன்னும் கூடுகிறது.

கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டுக் குந்தவையின் அரண்மனை எங்கே என்று பழையாறையில் தேடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தேடுங்கள், தப்பில்லை. நாவல் உங்களை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிடும். இறங்கினபிறகு நீங்களாகத்தான் நடக்க வேண்டும். பக்கத்திலேயே பட்டீஸ்வரத்தில் ராமநாதன் கோயில் என்று ஒன்று இருக்கிறது. ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்காக எழுப்பிய பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில் அது. குந்தவையைத் தேடி வருகிறவர் அங்கேயும் ஒரு முறை நிற்க வேண்டும்.

9. காலும் தண்ணீரும்.

சித்திரை, வைகாசியில் கிளம்பாதீர்கள். செருப்பில்லாமல் கருங்கல் பிராகாரத்தில் மதியம் நடந்தால் பாதம் பொரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை. தை, மாசி உத்தமம். வீட்டிலிருந்தே புளிசாதமும் தண்ணீரும் கட்டிக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளே, கழிப்பறை எங்கே என்று போய் இறங்கியதும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். போகாமல் அடக்கிக்கொண்டு வரலாற்றை ரசிக்க முடியாது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை டீக்கடையில் கேளுங்கள், போனில் பார்த்ததை மட்டும் நம்பாதீர்கள்.

10. கும்பிடுகிறவர் வழியை மறிக்காதீர்கள்.

நமக்கு அது சிற்பம், பக்கத்தில் நிற்கும் அம்மாளுக்கு அது பெண்ணின் கல்யாணக் கவலை. ஒதுங்கி நில்லுங்கள். மூலஸ்தானத்தைப் படமெடுக்காதீர்கள். காவலாளியிடமும் மெய்க்காவல் பெரியவரிடமும் வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். புத்தகத்தில் இல்லாததை அவர்கள் காட்டுவார்கள். காரைக்கால் பிள்ளைகளுக்கு இதை நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. மஸ்தான் சாகிபு தர்கா கந்தூரிக்கும் மாதா கோயில் தேருக்கும் போய் வளர்ந்தவர்கள் நீங்கள். பிறர் வீட்டுக்குள் எப்படி நுழைவதென்று தெரிந்தவர்கள்.

11. ஹம்பிக்குக் கடைசியில் போங்கள்.

இவ்வளவும் பழகிய பிறகு போங்கள், மூன்று நாளாவது தங்குங்கள். விஜயநகரம் 1336-ல் எழுந்தது. 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு சூறையாடப்பட்டு விழுந்தது. விட்டலர் கோயிலின் கல் தேரும் இசைத் தூண்களும் எல்லாரும் பார்ப்பது. தூணைத் தட்டாதீர்கள், தட்டித் தட்டியே அது வீணாகிறது. நீங்கள் போக வேண்டிய இடம் அரசவளாகம். அங்கே மகாநவமி மேடை. அதன் மேலே இருந்த மர மண்டபம் போய்விட்டது, கீழே வரிசை வரிசையாக யானையும் குதிரையும் வேட்டையும் ஆட்டமும் செதுக்கிய கல் இருக்கிறது. பக்கத்தில் படிக்குளம். மண்ணுக்குள் கிடந்ததை 1980-களில் தோண்டி எடுத்தார்கள். அதன் கற்களை உற்றுப் பாருங்கள். எந்தத் திசை, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று குறி போட்டிருக்கும். கல்லுக்கும் விலாசம்! நான் அந்தப் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஹம்பி நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். தஞ்சை நாயக்கர்கள் விஜயநகரத்துக்குக் கீழே ஆளத் தொடங்கியவர்கள். அவர்களில் ஒருவர்தான் டேனிஷ்காரருக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். அவர்களுக்குப் பின்வந்த மராட்டிய அரசரிடமிருந்து 1739-ல் காரைக்காலை வாங்கினார்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1954-ல் அவர்கள் கிளம்பிப் போனார்கள். அங்கே துங்கபத்திரைக் கரையில் விழுந்த கல்லின் அலை, இங்கே அரசலாற்று முகத்துவாரம் வரை வந்து அடித்திருக்கிறது.

12. எதையும் எடுத்து வராதீர்கள்.

இதை மட்டும் என் கதையாகச் சொல்கிறேன். முதல் முறை மாளிகைமேட்டுக்குப் போனபோது எனக்கு இருபத்தெட்டு வயசு. வரப்போரம் ஒரு செங்கல் துண்டு கிடந்தது. அகலமானது, மெல்லிசானது, விரல் தடம் பதிந்திருந்தது. பைக்குள் போட்டுக்கொண்டு வந்து துளசி மாடத்தில் வைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் ராஜேந்திரன் அரண்மனைச் செங்கல் என்று காட்டினேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை, “எந்தச் சுவத்துல இருந்துச்சு அத்தை?” என்று கேட்டது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிடந்த இடத்தில் கிடந்திருந்தால் தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார். நான் எடுத்து வந்ததால் அது விலாசம் கிழிந்த கடிதமாகிவிட்டது. உத்தியோகத்தில் அப்படிப்பட்ட கடிதங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன், அனுப்பவும் முடியாது, திருப்பவும் முடியாது.

ஓய்வு பெற்ற வருஷம் அதை எடுத்துக்கொண்டு போனேன். வரப்பு மாறியிருந்தது. எந்த இடமென்று உத்தேசமாகத்தான் தெரிந்தது. குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து, “என்னம்மா தொலைச்சிட்டீங்க?” என்று கேட்டார்.

“தொலைக்கலைங்க. திருப்பிக் குடுக்க வந்தேன்” என்றேன். அவர் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பத்தடி தள்ளி ஓரிடத்தைக் காலால் காட்டி, “இது மாதிரி அங்கதான் வரும்” என்றார்.